ரீச்சரிடம் கேளுங்கள்: விடிய மூன்றரைக்கு வரும் மெயில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். டிசம்பரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வரலாற்றில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, மாசிப் பனிக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு போனைப் பார்த்தபடி இருக்கிற பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். சிலருக்காகத் தாய் தகப்பன் எழுதியிருக்கிறார்கள். ஆகவே காணி எல்லைச் சண்டையையும் மாமியார் வழக்கையும் அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். மாமியார்மார் ஒரு மாதம் பொறுக்கட்டும்.

கேள்வி: ரீச்சர், எனக்கு 26 வயது. கம்பஸில் வரலாறு சிறப்புக்கலை முடித்து இப்போது ரியூசனில் படிப்பிக்கிறேன். ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் சீதனக் காணிகள் எப்படிக் கைமாறின என்று ஆராய ஆசை. அமெரிக்காவில் நாலு இடத்துக்குக் கலாநிதிப் படிப்புக்கும், இங்கிலாந்தில் ஒரு இடத்துக்கு முதுமாணிக்கும் போட்டேன். கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு இடம் மறுத்துவிட்டது. ஒரு இடம் ஜனவரியில் சூமில் இருபது நிமிடம் பேசியது, அதோடு சத்தம் இல்லை. மற்ற இரண்டும் வாயே திறக்கவில்லை. இங்கிலாந்து இடம் தந்தது, காசு தரவில்லை. இரவு மூன்று மணிக்கு எழும்பி எழும்பி மெயில் பார்க்கிறேன். அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சரிவந்த பிறகு சொல்லலாம், நாவூறு படும் என்கிறா அம்மா. இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்? எழுதிக் கேட்டால் கோபிப்பார்களா? யாழ்ப்பாணத்துப் பட்டம் என்று ஒதுக்கிவிட்டார்களா?
– பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்: பிள்ளை, முதலில் அந்த மூன்று மணியை முடித்துவிடுவோம். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் எங்களுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியதும் அது ஒன்பதரையாகும். குளிர்காலத்தில் அங்கே மாலை 5 மணிக்குக் கந்தோர் பூட்டும்போது இங்கே விடிய 3.30. ஆகவே நீர் எழும்புகிற நேரத்தில் பிழை இல்லை, உமது கணக்குச் சரி. ஆனால் அதே கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பாரும். எங்கள் ஞாயிறு விடியற்காலை அவர்களுக்குச் சனி மாலை, எங்கள் திங்கள் விடியற்காலை அவர்களுக்கு ஞாயிறு மாலை. கந்தோரில் ஆளே இருக்காது. கிழமையில் அந்த இரண்டு இரவாவது நிம்மதியாகப் படும். மற்ற நாட்களில் 3.30க்கு வந்த மெயில் 6.30க்கும் அங்கேயேதான் இருக்கும். அது கோழிக்குஞ்சு இல்லை, கீரி கொண்டுபோக.

இனி மௌனம். நான் கம்பஸில் வேலை செய்தவள் இல்லை. 31 வருடம் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவள். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இப்படி விண்ணப்பித்தபோது கூடவே இருந்து பார்த்திருக்கிறேன், அவர்களில் இரண்டு பேர் பிறகு இந்தத் தெரிவுக் குழுக்களில் தாங்களே இருந்து கதை கதையாகச் சொன்னார்கள். நடப்பது இதுதான். துறையில் சில பேராசிரியர்கள் குழுவாக இருந்து விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டு வாசிப்பார்கள். வருவது நூற்றுக்கணக்கில். பல துறைகளில் ஒரு வருடத்துக்கு எடுக்கிற ஆட்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அந்தப் பத்துப் பேருக்குள் அமெரிக்க வரலாறு, ஐரோப்பா, சீனா, லத்தீன் அமெரிக்கா, ஆபிரிக்கா எல்லாம் அடங்க வேண்டும். தென்னாசியாவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றுக்கு முகலாயர் காலம் படித்தவனும் வங்காளப் பிரிவினை படித்தவளும் நீரும் நிற்கிறீர்கள். உம்மை மேற்பார்வை செய்யக்கூடியவர் அடுத்த வருடம் ஓய்வுபெறப் போகிறார் என்றால், உமது கட்டுரை எவ்வளவு திறமாக இருந்தாலும் பெயர் கீழே போகும். போன வருடம் தென்னாசியாவுக்கு இரண்டு பேரை எடுத்திருந்தால் இந்த வருடம் வேறு பகுதிக்கு முறை. பணம் இல்லாத வருடமும் உண்டு. 2020-21இல் பெருந்தொற்றோடு பல துறைகள் ஒரு வருடம் ஒருவரையும் எடுக்காமல் கதவைச் சாத்தின. 2025இலும் பணம் சுருங்கியதால் பெரிய பெயருள்ள சில பல்கலைக்கழகங்களே இடங்களை வெட்டின. இதில் எதுவும் உமது விண்ணப்பத்தில் எழுதியிருக்காது, உமக்கு வருகிற மறுப்புக் கடிதத்திலும் எழுதியிருக்காது.

துறை தெரிந்தெடுத்த பெயர்களைப் பிறகு பல்கலைக்கழக நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும். எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் முதலில் செய்தி போகும். ஜனவரிக் கடைசி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை அது நடக்கும். அடுத்தது காத்திருப்போர் பட்டியல். மறுப்புகள் கடைசியில், பல இடங்களில் ஒரே மூட்டையாக வரும். பூசாரி முதல் தட்டை எசமானுக்கு நீட்டிவிட்டுக் கடைசியில்தானே எங்கள் வரிசைக்கு வருவார். அதே ஒழுங்கு. ஆகவே மார்ச் நடுப்பகுதி தாண்டியும் சத்தமில்லை என்றால் முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். உமக்குப் பொய் சொல்லித் தேற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் முதல் பட்டியலோடு கதை முடிவதில்லை, அதைக் கீழே பருத்தித்துறைத் தம்பிக்கு விரிவாக எழுதியிருக்கிறேன். சூமில் பேசிய இடம் உமது பெயரைக் கையில் எடுத்துப் பார்த்த இடம். அதுவரை வந்திருக்கிறீர்.

எழுதிக் கேட்கலாமா என்றால், கேட்க வேண்டும். மார்ச் நடுப்பகுதி வரை பொறும். பிறகு துறையில் பட்டப்பின் படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியருக்கோ, விண்ணப்பங்களைக் கவனிக்கும் உத்தியோகத்தருக்கோ நாலே நாலு வரி. பெயர், விண்ணப்ப இலக்கம், முடிவு எப்போது எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி, நன்றி. "தாழ்மையுடன் மன்றாடுகிறேன்" எல்லாம் வேண்டாம், கச்சேரிக்கு எழுதுகிற மனு இல்லை இது. எழுதுவதற்கு முன் விண்ணப்பித்த தளத்துக்குள் போய் ஒருமுறை பாரும். மெயில் குப்பைப் பெட்டிக்குள் விழுந்து, முடிவு இரண்டு கிழமையாக அங்கே காய்ந்துகொண்டு இருந்த கதை எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டும் என்று இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஆனியில் சண்டை மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய்விட்டது. அந்த வருடக் கடைசியில் ஜாம் போத்தல் விளக்கில் நான் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். அந்த விளக்கைக் காணாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: போத்தலின் அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி. மண்ணெண்ணெய் விற்ற விலையில் எங்கள் சனம் கண்டுபிடித்த விளக்கு. எழுதியதை அயலில் இருந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா தட்டச்சில் அடித்துத் தந்தார். ரிபன் காய்ந்துபோய்ச் சில எழுத்து பாதிதான் விழும், அதைப் பேனையால் நான் திருத்தினேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். சண்டை தொடங்குவதற்கு முன்பே கொழும்பில் ஆங்கிலப் பரீட்சை எழுதியிருந்தது அதிர்ஷ்டம்.

ஒன்றின் மறுப்பு வைகாசியில் வந்தது. மறுப்புக்கு மட்டும் எந்தச் சோதனைச் சாவடியும் இல்லை. மற்றக் கடிதம் ஆனிக் கடைசியில், ஒரு மூலை நனைந்து காய்ந்தபடி வந்தது. கிணற்றடியில் ஈரக்கையோடு நின்று பிரித்தேன். உள்ளே மார்ச் 18 என்று திகதி. காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, தொடர்ந்து இருக்க விருப்பமென்றால் ஏப்ரல் 15க்கு முன் அறிவியுங்கள் என்று இருந்தது. கடிதம் என் கைக்கு வரும்போது அந்தத் திகதி கழிந்து இரண்டு மாதத்துக்கு மேல்.

கடிதம் பிந்தியதற்கு நான் யாரையும் நோவதில்லை, அது அந்தக் காலம். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை. ஒன்றுமே செய்யவில்லை. மடித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மத்தியானச் சமையலுக்குப் போனேன். எனக்கு விண்ணப்பம் இருந்ததே வீட்டில் அண்ணாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. சிபாரிசுக் கடிதம் எழுதிய என் விரிவுரையாளருக்கும் போய்ச் சொல்லவில்லை, வெட்கம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த 2003இல், இங்கே வந்திருந்த வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது இதைப் பகிடிபோலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போர்க்காலம், கடிதம் பிந்தி வந்தது என்று எழுதியிருந்தால் அடுத்த வருடத்துக்கு உங்களை மறுபடி பார்த்திருப்பார்களே, ஏன் எழுதவில்லை?" என்றார். பார்த்திருப்பார்களோ இல்லையோ, யாருக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்பதற்கு மட்டும் என்னிடம் இன்று வரை நல்ல பதில் இல்லை.

ஆகவே அம்மா சொல்கிற நாவூறுக் கதையை நான் பாதிதான் ஏற்பேன். ஒழுங்கை முழுக்கச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உமக்குச் சிபாரிசு எழுதிய மூன்று பேருக்கும் இன்றைக்கே நிலைமையைச் சொல்லும். சூமில் பேசிய துறையில் அவர்களில் ஒருவருக்குத் தெரிந்தவர் இருக்கலாம். கூடவே ஒரு சிநேகிதிக்கும் சொல்லி வையும். மறுப்பு வருகிற அன்றைக்கு அம்மாவுக்கு முன்னால் அழ முடியாது, சங்கிலி ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணத்துப் பட்டம் என்று கேட்டீர். எங்கள் கம்பஸின் பெயரை அறியாத பேராசிரியர்கள் இருப்பார்கள்தான். ஆனால் உமது தலைப்பைப் பாரும். யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் தொகுத்தவர் இங்கே திசாவையாக, அதாவது மாகாண அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர். அதைத் தமிழில் பெயர்த்துப் ஊர்ப் பிரதானிகளான பன்னிரண்டு முதலிமாருக்கு வாசிக்கக் கொடுத்துச் சரிபார்த்தார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற மூன்று சொல்லையும் அகராதி பார்க்காமல் விளங்கிக்கொள்கிற ஆள் அந்த விண்ணப்பக் கட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? நீர் ஒருத்தியாகவே இருக்கலாம். குறை எங்கே இருக்கக்கூடும் என்றும் சொல்கிறேன், கோபிக்காதையும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஏடுகள் கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் இன்னும் கூட. எல்லாம் ஒல்லாந்த மொழியில், அதுவும் பழைய கையெழுத்தில். உமது விண்ணப்பத்தில் "ஒல்லாந்த மொழி கற்பேன்" என்று இருந்ததா, "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று இருந்ததா? ஒரே ஒரு சொல்தான். இந்தப் பங்குனியில் தொடங்கினால் அடுத்த டிசம்பரில் அந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் மாற்றலாம். மூன்று மணிக்கு எழும்பியே தீருவேன் என்றால் அந்த நேரத்தில் வினைச்சொற்களைப் பாடமாக்கும்.

இங்கிலாந்துக் கதைக்குச் சாவகச்சேரிக் கடிதத்தின் பதிலைப் படியும்.

கேள்வி: ரீச்சர், ஒரு பல்கலைக்கழகம் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறது. இது மரியாதையாகச் சொல்கிற "இல்லை"யா?
– பருத்தித்துறைத் தம்பி

பதில்: தம்பி, இல்லை. வேண்டாதவர்களுக்கு மறுப்பு அனுப்ப அவர்களுக்குக் கூச்சமே கிடையாது, உமக்கென்று புதிதாக மரியாதை கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. பணஉதவியோடு இடம் கொடுத்தால், ஏற்கிறேன் மாட்டேன் என்று சொல்ல மாணவருக்கு ஏப்ரல் 15 வரை காலம் விட வேண்டும், அதற்கு முன் நெருக்கக்கூடாது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நாலு இடம் கிடைத்து நாலையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும். அது மூன்றைக் கைவிடும்போதுதான் மூன்று கதிரை காலியாகும். அது பெரும்பாலும் கடைசிக் கிழமையில், சில வேளை 15ஆம் திகதி பின்னேரம்தான் நடக்கும். பட்டியலில் முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று எப்போதும் நேராகப் போகாது. தென்னாசியாவுக்கு எடுத்தவர் விலகினால் தென்னாசியாக்காரரைக் கூப்பிடப் பார்ப்பார்கள், சீனாக்காரர் விலகினால் உமக்கு லாபமில்லை.

நீர் செய்ய வேண்டியது: இன்றைக்கே, நாளைக்கல்ல, தொடர்ந்து பட்டியலில் இருக்க விருப்பம் என்று எழுதும். அந்த இடம்தான் உமக்கு முதல் விருப்பம் என்றால் அதையும் சொல்லும், ஆனால் உண்மையென்றால் மட்டும். டிசம்பருக்குப் பிறகு கட்டுரை வெளிவந்திருந்தால் ஒரு வரி சேரும். பிறகு கிழமைக்கொரு தரம் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டால் போதும்.

இன்னொன்று, எங்களுக்கு மட்டும் வருகிற வில்லங்கம். அந்தக் கடைசிக் கிழமை எங்கள் சித்திரை வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் வாங்கி, பெரியப்பா வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் போய்க்கொண்டு இருக்கும்போது அங்கே ஒரு பேராசிரியர் "இடம் இருக்கிறது, இன்னும் விருப்பமா? இன்றைக்குள் சொல்லுங்கள்" என்று எழுதுவார். போனில் டேற்றா போட்டு வையும். 15ஆம் திகதி அவர்களுக்கு நள்ளிரவில் முடியும்போது இங்கே 16ஆம் திகதி காலை 9.30. அதுவரைக்கும் உமது பெயர் உயிரோடு இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகும் ஒன்றிரண்டு கதவு திறப்பதுண்டு, ஆனால் அதை எண்ணிக்கொண்டு மற்ற வேலைகளை விட வேண்டாம்.

கேள்வி: எனது மகன் வரலாற்றில் கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்காவுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். ஆறு ஏழு வருடம் செல்லுமாம். என்னுடைய ஓய்வூதியத்தில் முடியுமா? பேசாமல் கணக்கியல் படித்திருக்கலாம் அல்லவா? யாழ்ப்பாண வரலாறு படிக்க அமெரிக்கா எதற்கு?
– ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், மானிப்பாய்

பதில்: ஐயா, உங்கள் ஓய்வூதியத்தை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் நல்ல வரலாற்றுத் துறைகள் கலாநிதிப் படிப்புக்கு ஆள் எடுத்தால் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐந்து வருடமளவுக்குச் சீவனத்துக்கும் பணம் கொடுக்கும். பதிலுக்கு மகன் சில வருடம் அங்கே இளங்கலை மாணவருக்குத் துணையாசிரியராக வேலை செய்வார். அதனால்தான் இடங்கள் இவ்வளவு குறைவு. இருபது பேரை எடுத்தால் இருபது பேருக்கும் சோறு போட வேண்டும். பணம் இல்லாமல் கலாநிதி இடம் மட்டும் தருகிறோம் என்று யாராவது எழுதினால் எனக்கு அறிவியுங்கள், வேண்டாம் என்று சொல்லுகிற கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

கணக்கியல் படித்திருந்தால் வேலை கெதியில் கிடைத்திருக்கும், உண்மை. வரலாற்றில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்களுக்குப் பல்கலைக்கழக வேலை அங்கேயும் அரிதாகிவிட்டது, அதையும் மறைக்க மாட்டேன். மகனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் உட்காரவைத்துப் பேசுங்கள். அவனை மறிப்பதற்காகப் பேசாதீர்கள்.

அமெரிக்கா எதற்கு என்று மானிப்பாயிலிருந்து நீங்களா கேட்கிறீர்கள்! 1815 ஒக்ரோபரில் அமெரிக்காவில் கப்பலேறிய மிஷனரிமார் 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். உங்கள் ஊரில் வைத்தியர் கிறீன் தமிழில் மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். இவர்கள் இங்கிருந்து எழுதியனுப்பிய கடிதங்கள், அறிக்கைகள் எல்லாம் இன்றைக்கு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் பூட்டனார் யாரிடம் ஆங்கிலம் படித்தார் என்று தேடினால் மகன் அங்கேதான் போக வேண்டிவரும். ஒல்லாந்தர் ஹேக்குக்குக் கொண்டுபோனார்கள், ஆங்கிலேயர் லண்டனுக்கு. இங்கே மிச்சம் வைத்ததில் எவ்வளவு 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தது என்பதை உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 97,000 நூல்கள் என்பார்கள்.

இன்னொரு விஷயம். அந்த முதல் மிஷனரிமார் தங்கள் சபைக்கு ஒரு கேள்வி எழுதினால், கடிதம் போக ஐந்து மாதம், பதில் வர ஐந்து மாதம். மகன் மூன்று மாதமாகக் காத்திருக்கிறான் என்று குறைப்பட்டால் இதைச் சொல்லுங்கள். ஆறுதல் கிடைக்காது, ஆனால் வரலாற்று மாணவன் என்றால் ரசிப்பான்.

கேள்வி: மகளுக்கு இங்கிலாந்தில் வரலாற்றில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பணஉதவி இல்லை. மே மாதத்துக்குள் முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். மட்டுவிலில் உள்ள காணியை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: விற்க வேண்டாம், அம்மா.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இடம் தருவது ஒரு கதவு, காசு தருவது வேறு கதவு. இடம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை, காரணம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டுகிற பணத்தில் அவர்களுக்கு வருமானம் இருக்கிறது. கட்டணம் மட்டும் 20,000 பவுணுக்கு மேல் வரக்கூடியது, அதன்மேல் வீட்டு வாடகை, சாப்பாடு, விசா. ஒரு வருடத்தில் முடிந்துவிடும் படிப்பு. அந்தப் பட்டத்தால் மட்டும் அந்தக் காணியைத் திரும்ப வாங்க வரலாற்றுப் பட்டதாரியால் முடியாது. மருத்துவர் என்றால் வேறு கதை.

மகளுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் இருக்கிறதா? இருந்தால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முழுச்செலவும் கொடுப்பார்கள். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இருக்கிறது. இந்தியா என்றால் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில், யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத்தூதரகத்தில் நேரே போய்க் கேட்கலாம். சென்னையோ டெல்லியோ என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். தமிழ்க் கல்வெட்டு வாசிக்கப் பழக அதைவிட நல்ல இடம் இங்கிலாந்தில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, எங்கள் கம்பஸிலும் முதுதத்துவமாணி (எம்.பில்.) செய்யலாம்.

இடம் தந்த பல்கலைக்கழகத்துக்கு மகள் எழுதிக் கேட்கட்டும்: இந்த இடத்தை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்துத் தருவீர்களா என்று. பல இடங்களில் சம்மதிப்பார்கள். சம்மதித்தால் ஒரு வருடம் காசு தேடக் கிடைக்கும், காணியும் நிற்கும். அந்தக் காணி உங்களுக்குச் சீதனமாக வந்ததா? மேலே சுன்னாகத்துப் பிள்ளைக்கு அதன் உறுதியைக் காட்டினால் சந்தோசப்படுவாள். பழைய ஓலை உறுதிகள் ஏதும் கிடந்தால் எறிய வேண்டாம். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் இப்படியானவற்றை மின்வடிவில் சேர்த்து வைக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாலு இடத்திலும் மறுத்துவிட்டார்கள். மறுபடி போடலாமா?
– வேலணை

பதில்: போடலாம். ஆனால் அதே கட்டுரையை மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும். மாதிரி எழுத்தாக எதை அனுப்பினீர்? கம்பஸ் ஆய்வுக்கட்டுரையின் முதல் அத்தியாயத்தை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தால் அதுதான் வினை. முதல் அத்தியாயத்தில் நாங்கள் எல்லாரும் புவியியல் எல்லையும் மழைவீழ்ச்சியும்தான் எழுதுவோம். நீர் மூல ஆவணத்தைக் கையிலெடுத்து வாதிட்ட அத்தியாயம் எது? மூன்றாவதா? அதை எடும். இருபது பக்கமாகச் சுருக்கும். சித்திரை கழிந்ததும் தொடங்கினால் நல்லூர்க் கொடியேற்றத்துக்குள் முடிக்கலாம்.

கேள்வி: மகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். படலையடியில் நின்றாலே அயலட்டை "பிள்ளை என்ன செய்யுது, ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– கோண்டாவில்

பதில்: விண்ணப்பம் போட்டிருக்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். என்ன படிக்க என்றால் வரலாறு என்று சொல்லுங்கள், அதோடு பாதிப் பேர் சைக்கிளை எடுத்துவிடுவார்கள். மிச்சப் பேர் "கிடைக்குமோ?" என்று கேட்டால், ஏப்ரல் 16 காலை ஒன்பதரைக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கோ, தேத்தண்ணி ஊத்திச் சொல்லுறன் என்று சொல்லுங்கள்.